முப்பது அழுத்து, இரண்டு மூச்சு

பிற்பகல் இரண்டு மணி. தூ டுக் பகுதியின் அகலச் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள்கூட இல்லை... சைகோனில் இப்படி ஒரு சாலையை வருடத்தில் சில நாள்தான் பார்க்கலாம். வியட்நாமியரின் புத்தாண்டு, தெத். அதன் இரண்டாம் நாள். எல்லோரும் சொந்த ஊர் போய்விட்டார்கள்.

பேய்க்கு ராத்திரி வேண்டும் என்று எவன் சொன்னான்? ஏய் பொலேத், கதை இப்போதுதான் ஆரம்பிக்கிறது, என் கையை விடு. இன்னும் பேயே வரவில்லை.

அந்தச் சாலையில் தனியாகக் கார் ஓட்டி வீடு திரும்பியவள் மாதலேன், நம் ரோஜேயின் அக்கா. டாக்டர். தூரத்துத் தீவுகளில் இருக்கும் சின்ன மருத்துவ நிலையங்களைச் சாட்டிலைட் இணையத்தில் பார்த்து, இங்கிருந்தே வைத்தியம் சொல்வாள். ஒன்பது வருடம் காத்திருந்து உண்டான பிள்ளை வயிற்றில். ஏழாம் மாதம்.

அன்று காலை திரையில் ஒரு தீவு. கடலிலிருந்து இழுத்துப் போட்ட ஒரு மீனவன். நர்ஸ் துயெத் தனியாக இருந்தாள். மற்றவர்கள் பண்டிகைக்குப் போய்விட்டார்கள். முப்பது தடவை நெஞ்சை அழுத்துவாள், நிறுத்தி இரண்டு மூச்சு ஊதுவாள். மறுபடி முப்பது... டாக்டர் சொல்லாமல் நர்ஸ் நிறுத்தக் கூடாது. அது அங்கே சட்டம்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆள் செத்துவிட்டான் என்று மாதலேனுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் தெத் நாளில் சாவு என்ற சொல் யார் வாயில் வருகிறதோ, வருடம் முழுக்கச் சாவு அவர்கள் வீட்டில்தான் என்பார்கள். மாதலேன் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"டாக்டர், நிறுத்தலாமா? எனக்கு நெஞ்சு வலிக்குது."

"நிறுத்தாதே. அழுத்திக்கிட்டே இரு. நான் வர்றேன்."

சொல்லிவிட்டுத் திரையை அணைத்தாள். அடுத்து வருகிற டாக்டர் அந்தச் சொல்லைச் சொல்லட்டும் என்று கிளம்பிவிட்டாள். படுபாவி! அடுத்த டாக்டரும் அன்று வரவே இல்லை.

நாலாம் நாள் அந்த நிலையத்தின் கதவை உடைத்தார்கள். மீனவன் மேல் துயெத் கவிழ்ந்து கிடந்தாள். அவள் உள்ளங்கை இரண்டும் அவன் நெஞ்சின் மேல், விறைத்துப் போய்... பிரிக்க முடியவில்லையாம்.

அன்று மாலையே மாதலேனின் வயிற்றில் அசைவு நின்றது. ஸ்கேன் எடுத்தார்கள். இதயத் துடிப்பு இல்லை. ஜெல்லின் குளிர்ச்சி, மருந்து நெடி... அப்போது அவள் போன் அடித்தது. அந்தத் தீவு நிலையத்தின் எண். அலைச் சத்தம். அதற்குள் மூச்சு வாங்கும் ஒரு குரல்.

"டாக்டர்... இன்னும் அழுத்தணுமா?"

மாதலேனுக்கு யாரென்று புரிந்துவிட்டது. சுமக்கிற வயிறு, என்ன செய்வாள்?

"நிறுத்தாதே!"

ஸ்கேன் திரையில் துடிப்பு வந்தது. டாக்டர்கள் கை தட்டினார்கள். அவள் மட்டும் எண்ணினாள். முப்பது. பிறகு நின்றது, இரண்டு மூச்சு நேரம். மறுபடி முப்பது.

பெண் குழந்தை பிறந்தது. மூன்று வயதாகிறது. அதன் நெஞ்சில் நானே காது வைத்துக் கேட்டிருக்கிறேன். துடிப்பு நிற்கும் அந்த நேரத்தில் உதடு நீலம் பூக்கும்... தினமும் மதியம் இரண்டு மணிக்குப் போன் வரும். தினமும் மாதலேன் அதே ஒரு சொல்லைச் சொல்வாள். தம்பி ரோஜேயைத் தவிர யாரிடமும் அவள் இதைச் சொன்னதில்லை. புருஷன் கஸ்தோனிடம்கூட.

போன வாரம் மாதலேனுக்குக் குடல்வால் வெடித்துவிட்டது. அவசர ஆபரேஷன். வலியில் கத்தியவளை அப்படியே மயக்கி உள்ளே கொண்டுபோனார்கள். அவள் போன் கஸ்தோன் கையில். குழந்தை அவன் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

மணி இரண்டு.

கஸ்தோன் நல்லவன். யாராவது கஷ்டப்பட்டால் அவனுக்குத் தாங்காது. ரோஜே பக்கத்தில்தான் காபி வாங்கப் போயிருந்தான். திரும்பி வந்து வாசலில் நிற்கும்போது, கஸ்தோன் போனில் பேசுவது கேட்டது.

"டாக்டர் மயக்கத்துல இருக்காங்க அக்கா. ஐயோ பாவம், உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குதே... போதும், நிறுத்திட்டுப் போய்ப் படுங்க."