வலக்கையால் விழுந்த அறை

“1966, பங்குனி மாதம். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை பஸ்” என்று தலைப்பிட்ட என் குறிப்பில் உள்ளது இது. முன் இருக்கையில் கிள்ளை மீனவர் இருவர். இளையவர் உட்கார்ந்ததுமே பெரியவரிடம் கூவினார்:

“மாமா! எங்க மச்சான் நேத்து என்னை அறைஞ்சுட்டாரு!”

“அதுக்கு ஏண்டா இப்படி இளிக்கிற?”

“வலது கையால மாமா! ஐப்பசியில வாதம் வந்து விழுந்துச்சே, அந்தக் கை!”

“அசையாம படுக்க வைங்கன்னு எல்லாரும் சொன்னோமே?”

“டாக்டரு, கைகாலுக்கு வேல குடுங்கன்னுட்டாரு. மணல் மூட்டைய கயித்துல கட்டி, வலை இழுக்கிற மாதிரி தெனம் இழுக்க விட்டோம். மொதல்ல கயித்தப் புடிக்கவே முடியாம அழுதாரு. அப்புறம் மூட்டை நகர ஆரம்பிச்சுது.”

“சரி, உன்னை எதுக்கு அறைஞ்சாரு?”

“அவரு கட்டுமரத்த வித்துடலாமான்னு கேட்டேன்.”

“அதான் நான் வாங்க ஆளு பாத்து வெச்சிருக்கேனே!”

“அவுங்ககிட்ட இல்லன்னு சொல்லிடுங்க மாமா.”

பெரியவர் அவர் கன்னத்தைப் பார்த்தார். “நல்லா வலிச்சுதா?”

“காது இன்னும் ங்ஙொய்ங்குது!”

“அப்ப அந்தக் கை துடுப்பும் வலிக்கும்டா!”

பஸ்ஸே சிரித்தது. இளையவர் இடது கன்னத்தைத் தடவியபடி சிதம்பரத்தில் இறங்கினார்; எதிரில் நின்றவர் வலக்கையால் அறைந்தார் என்பதற்கு அது பொருந்துகிறது. அந்தக் கட்டுமரம் மறுபடி அந்த மச்சானோடு கடலுக்குப் போனதா என்பதை மட்டும் இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.