பேன்ட் சரியாத்தானே இருக்கு

— தட்டை எடுக்காதீங்க. முதல்ல போய் ரத்தம் கொடுத்துட்டு வாங்க, அப்புறம்தான் சோறு.

— ராத்திரி பூரா வேலை பார்த்துட்டு வர்ற புருஷனுக்கு நல்ல வரவேற்புடி இது!

— கம்பெனி நர்ஸ் எனக்கே போன் பண்ணிட்டாங்க. எத்தனை தடவை கூப்பிட்டும் நீங்க சக்கரை பார்க்கப் போகலையாம். எடை வேற ஏறிக்கிட்டே போகுதாம்.

— அந்த எடை மெஷின் கோளாறுடி. வர்றவன் போறவன் எல்லாம் அதுமேல பாட்டில் பெட்டியை இறக்கி வைக்கிறான். சும்மா இருக்கும்போதே முள்ளு ஆடுது.

— ஓஹோ... மாடிப்படி? அதுக்கும் கோளாறா? முந்தாநாள் பாதிப்படியில உட்கார்ந்து மூச்சு வாங்கினீங்களே...

— அது தூக்கக் கலக்கம்.

— தூக்கம் எங்க வருது உங்களுக்கு? ஜன்னலுக்குக் கறுப்புத்துணி தைச்சு மாட்டினேன், அப்பவும் புரண்டு புரண்டு படுக்குறீங்க. காலையில வயிறு முட்ட சாப்பிட்டுட்டு உடனே படுத்தா எப்படித் தூக்கம் வரும்னு நர்ஸ் கேக்குறாங்க. டியூட்டியில என்ன சாப்பிடுறார்னாங்க. ஒண்ணுமே தொடமாட்டார், வீட்டுக்கு வந்துதான்னு சொன்னேன்.

— ...அப்படியா சொன்னே?

— தினம் நீங்க அதைத்தானே சொல்றீங்க?

— சரி, சரி... இங்க பாரு. நைட் ஷிஃப்டுக்குப் போக ஆரம்பிச்சப்ப போட்ட அதே யூனிஃபார்ம் பேன்ட். அன்னைக்கும் இந்தக் கொக்கி மாட்டுச்சு, இன்னைக்கும் மாட்டுது. குண்டாயிருந்தா மாட்டுமா? நீயே ஒரு தையல்காரி, நீயே சொல்லு!

— வேற துணி மாத்திக்கிட்டு... அந்தப் பேன்ட்டோட உள்பக்கத்தைப் பாருங்க. பின்னாடி, நடுத்தையல்.

— என்னத்தடி பார்க்கணும்... இதென்ன, பழைய ஊசித் தடமா? இங்க ஒண்ணு, இதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு... அடிப்பாவி!

— நான்தான். நீங்க தூங்குறப்ப பிரிச்சுப் பிரிச்சுப் பெரிசாக்கினேன்.

— எதுக்குடி?

— ஒருநாள் கொக்கி மாட்டலைன்னு கட்டில்லயே உட்கார்ந்துட்டீங்களே, ஞாபகமிருக்கா? ராத்திரி பூரா கம்பெனியில விளக்குக்கு முன்னாடி உட்கார்ந்து பாட்டில்ல விரிசல் பார்க்கிறதைத் தவிர என் உடம்பு வேற என்ன பண்ணுதுன்னு... அழாத குறை. அந்த முகத்தோட உங்களை அனுப்பிட்டு எனக்கு மனசே ஆறல. மறுநாள் பிரிச்சேன். சாயந்திரம் மாட்டிப் பார்த்துட்டு, இளைச்சுட்டேன்டின்னு குதிச்சீங்க பாருங்க... அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?

— ஐயோ... நான் வேற இந்தக் கொக்கியைக் காட்டி எல்லார்கிட்டயும் பந்தா விட்டேனே!

— இனிமே பிரிக்கிறதுக்கு உள்ள துணியே இல்லைங்க. பயமா இருக்கு. உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அது நான் மூடி மறைச்சதாலதான்னு ஆயிடும். போயிட்டு வாங்க... கெஞ்சிக் கேக்குறேன்.

— ஏய், கண்ணைத் துடை முதல்ல. போறேன். நாளைக்குக் கண்டிப்பா...

— நாளைக்கு இல்ல, இன்னைக்கே. வெறும் வயித்துல வரணுமாம். நேத்து சாயந்திரம் சாப்பிட்டுட்டுப் போனது. இதைவிட வெறும் வயிறு எங்க கிடைக்கும்?

— அங்கதான்டி இடிக்குது...

— என்ன இடிக்குது?

— வெறும் வயிறு இல்ல.

— என்னது?

— கேன்டீன்ல சாப்பிட்டேன். விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கண்ணு சொக்கும் பாரு, அப்ப சீனி அள்ளிப் போட்ட டீ, ரெண்டு பன்... அப்புறம் கூட வேலை பார்க்கிறவனுங்களோட உட்கார்ந்து ஒரு முழுச் சாப்பாடு.

— இன்னைக்கு மட்டுமா?

— தினமும்.

— அப்ப இங்க வந்து, பசி உயிர் போகுதுடின்னு சொல்றது...?

— நான் வேணாம்னா நீயும் சாப்பிட மாட்டியே! ராத்திரியிலிருந்து பட்டினியா எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கே. நான் எழுந்திரிக்கும்போது நீ தையல் மெஷின்ல இருப்பே. நீ மெஷினை மூடும்போது நான் கிளம்பிடுவேன். ரெண்டு பேரும் எதிர் எதிரே உட்கார்றதே இந்த ஒரு சாப்பாட்டுக்குத்தான். அதை எப்படிடி வேணாம்னு சொல்றது? திட்டணும்னா திட்டிடு... என்னடி, சிரிக்கிறே?

— உட்காருங்க. டீ போடுறேன். ரெண்டு பேருக்கும் சீனி கிடையாது. பேசுறதுக்கு அது போதும்.

— சோறு?

— தூங்கி எழுந்தப்புறம். இன்னைக்கு ராத்திரி கேன்டீன் பக்கம் போகாதீங்க. எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல ஷெட்டைச் சுத்தி நடங்க. காலையில நானும் கம்பெனி கேட்டுக்கு வந்துடுறேன், சேர்ந்தே போவோம். எனக்கும் பார்க்கணும்.

— உனக்கு எதுக்குடி? பட்டினி கிடக்குறவளுக்கு ஏது சக்கரை?

— ராத்திரியே வயிறார சாப்பிட்டுட்டுத்தாங்க உங்களுக்காகப் பட்டினி கிடக்குறேன். என் ஜாக்கெட்லயும் பிரிக்கிறதுக்குத் துணி இல்ல.