பசுவுக்கு ஒரு ஓட்டு

ஹலோ... ஆமா எல்வுட், நான்தான். ஒரே ஒரு கோடிட்ட இடத்தை வச்சு இன்னிக்கு நாப்பது பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன்... சிரிக்காதப்பா... சரி, நாலு பேர்... சரி சரி, ஒருத்தர். ஆனா ரத்தம் நாப்பது பேருக்குக் காணும்.

ம்... ம்... தெரியும். சாயங்காலம் நூலகக் கமிட்டி கூடுது. என் கவிதை வகுப்புல எல்லாரும் தூங்கறாங்க, மூடிடலாம்னு கை தூக்கப்போறே. மொதல்ல இதைக் கேளு.

முந்நூறு வருஷத்துப் பாட்டு. நம்ம மாசசூசெட்ஸ் கரைக்குக் குடிவந்தவ ஒருத்தி புயல்கிட்ட கேக்கறா: "கூரையைக் கொண்டுபோ, என் கோடு கோடு கோடு விட்டுவை." நிரப்புங்கன்னு தாளைக் கொடுத்தேன். நம்ம சர்ச் டீக்கன் ஃபாஸ்டர் 'நம்பிக்கையை'ன்னார். பின் வரிசையில ஒரு அம்மா 'பசுவை'ன்னாங்க. பனிக்காலத்துல நம்பிக்கையைக் கறந்து குடிப்பீரான்னு கேட்டாங்க.

விடையா? ஏது விடை? அந்தக் கோடு நான் போட்டதில்லப்பா. மூலத்துலயே அந்த வார்த்தையை எலி தின்னுடுச்சு... ஆமா, ஆமா. அப்புறம் நம்ம ஊர்ல என்ன செய்வாங்க? பனி அள்ளறதுக்கே ஓட்டு எடுக்கற ஊரு. டீக்கனைத் தலைவராக்கி, கையில தலைவர் மேசையைத் தட்டற மரச் சுத்தியலைக் கொடுத்து, ஓட்டு எடுத்தோம். சரிபாதி. உடனே மனுஷன் இன்னொரு கையையும் தூக்கிட்டார்.

அவ்வளவுதான். அந்த அம்மா சுத்தியலைப் பிடுங்கி அவர் மூக்கு மேல ஒண்ணு போட்டாங்க பாரு, சுத்தியல் பிடி வேற, தலை வேற. அவர் பல்செட் பறந்து, வகுப்புக்குன்னு வச்சிருந்த சிப்பி சூப் பானைக்குள்ள விழுந்தது. டீக்கன் தம்பி அகராதியை வீசினார். ஜன்னல் போச்சு... பெரிய அகராதிதான். விலக்கிவிட வந்த போலீஸ்காரர் தாளைப் படிச்சுட்டு 'குழந்தையை'ன்னார். ரெண்டு கட்சியும் சேர்ந்து அவரை மொத்தினாங்க...

புளுகா? சரி, புளுகு... அந்த அம்மா பேரா? நான் சொல்ல மாட்டேன்... என்ன சத்தம் அங்க? உன் சம்சாரம் வந்தாச்சா? லொரெய்ன் கையில என்னன்னு பாரு... சுத்தியல் தலை மட்டுமா? ஆமா, பிடி இங்க என் மேசை மேல கிடக்கு.

எல்வுட்?... ஏன் கிசுகிசுக்கறே?... உன்னையும் நிரப்பச் சொன்னாங்களா?... பசுன்னுட்டியா. பிழைச்சே.

அப்போ சாயங்காலம்?... மூட வேண்டாம்னு தூக்கறியா. ஒரு கைதான்ப்பா, டீக்கன் மாதிரி ரெண்டையும் தூக்கிடாதே... இரு, வச்சுடாதே. புளுகுன்னியே, இப்ப உன் வாயால ஒண்ணு சொல்லிடு... கேக்கல... இன்னும் கொஞ்சம் உரக்க...

'நடந்தது.' ம். அது போதும்.