செய்தி நேரத்து மீன்கள்

யுத்த காலத்தில் ஒரு காலை, கொழும்பு வெள்ளவத்தையில் நான் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இருவர் இருந்தார்கள்.

"எங்கட முதலாளி வீட்டு மீனை நேற்று நாடே பாத்தது, தம்பி" என்றார் கண்ணாடி போட்டவர்.

குடை வைத்திருந்தவர் திரும்பினார். "பேப்பர் கொம்பனியில மீனுக்கு என்னண்ணை வேலை?"

"இப்ப டிவியும் இருக்கெல்லோ. முதலாளியின்ர மூத்த மகன் பேப்பரைப் பாக்கிறார், இளையவர் டிவியை. தணிக்கையில செய்தியை வெட்டினா பேப்பரில அந்த இடத்தை வெள்ளையா விடுவம். டிவியில அப்பிடி விட்டா, பெட்டி பழுதெண்டு சனம் தட்டுது. அதுதான் முதலாளி வீட்டு மீன்தொட்டியைப் படம் பிடிச்சுப் போடுறம்."

"நேற்றுச் செய்தி முழுக்க மீன்தானே!"

"ஓம், முழுக்க வெட்டிப்போட்டாங்கள்."

"இவ்வளவு நேரம் மீன் ஓடினா ஊரடங்குதான் எண்டு சொல்லி, என்ர மனிசி அரிசி வாங்க ஓடீட்டா."

கண்ணாடி போட்டவர் குரலைத் தாழ்த்தினார்.

"என்ர மனிசியும் ஓடினவ. அரிசிக் கடை வரிசையில முன்னுக்கு நிண்டது ஆர் தெரியுமே? எங்கட முதலாளியம்மா. டிவியில தன்ர மீனைக் கண்ட உடனே வந்திட்டாவாம்."