நீலப் புள்ளி வீட்டுக்கு வந்த நாள்

— தொடாதே தம்பி, அந்த ஏணி ரொட்டியை! அது என் மக மேலேருந்து இறங்கி வர்றதுக்கு. ஜெபம் சொல்ல வர்றவங்களுக்குக் கூடையில தனியா வெச்சிருக்கேன்.

— நான் ஜெபம் சொல்ல வரல, தோன்யா எவுலோகியா. போன்ல பேசினேனே, வில்சன். போன் எந்த இடத்துல இருக்குன்னு காட்டுற வேலை.

— அட, இன்ஜினியரா! கோட்டு போட்டுட்டு வருவேன்னு நினைச்சேன். ஷூவெல்லாம் ஒரே சேறு.

— இன்ஜினியர் இல்லம்மா. பகல்ல வேலை, சாயங்காலம் படிப்பு. இன்னும் முடியல. முடிப்பேனான்னும் தெரியல.

— முடிப்பே, முடிப்பே. உக்காரு. இறந்தவங்க வீடு திரும்புற நாள்ல வேலைன்னு கிளம்புனவன் லா பாஸ்லயே நீ ஒருத்தன்தான். பன்னெண்டு மணிக்கு என் மாய்ரா வந்துடுவா. போய்ச் சேர்ந்து முதல் வருஷம், வழி தடுமாறக் கூடாது. அதுக்குள்ள கேட்டு முடி.

— வேற நாள் வரட்டுமாம்மா?

— வந்தவன் கேட்டுட்டுப் போ.

— மண்சரிவு அன்னைக்குப் போன்களெல்லாம் சரியா இடம் காட்டுச்சான்னு ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு வர்றோம். மாய்ராவோட போன் உங்களுக்கு எங்க காட்டுச்சு?

— எங்கயா? இந்த வீட்டு மேல! நான் சந்தையில கடையில உக்காந்திருக்கேன். மழை கொட்டுது. ஆத்தங்கரையில மலை சரிஞ்சிடுச்சுன்னு கத்துறாங்க. அவ குடியிருந்தது அங்கதானே? அவ எங்க இருக்கான்னு போனைத் திறந்து பார்த்தா, அவளோட நீலப் புள்ளி இங்க நிக்குது. அவ்வளவு நாளா பேசாதவ, அம்மா வீட்டுக்கு வந்துட்டா! சந்தையில அத்தனை பேர் முன்னாடி அழுதேன் தம்பி, சந்தோஷத்துல.

— அப்புறம்?

— மீட்புக்காரங்க போன் போட்டாங்க, உங்க மக வீட்ல யார் யார் இருந்தாங்கன்னு. மருமகன் ஃபிரெடி மினிபஸ் ஓட்டப் போயிட்டான், மக என் வீட்ல பத்திரமா இருக்கா, நீங்க மத்த வீட்டைத் தோண்டுங்கன்னேன்.

— நீங்களா சொன்னீங்க?

— நான்தான். அவளுக்குப் பிடிக்குமேன்னு சுடச்சுட சீஸ் பணியாரம் வாங்கிட்டு ஓடி வந்தேன். பூட்டு பூட்டினபடியே தொங்குது. வாசல்ல நாய் மட்டும் நின்னு வாலாட்டுது. கடைசியாத்தான் அவ வீட்டைத் தோண்டினாங்க.

— ஐயோ அம்மா.

— மூஞ்சியை ஏன் அப்படி வெச்சுக்கறே? எனக்கு அப்புறம்தான் புரிஞ்சுது. நான் போனைப் பார்த்தப்பவே அவ உயிர் போயிருக்கு. ஆத்மா கோவத்தையெல்லாம் விட்டுட்டு முதல்ல அம்மாகிட்ட வந்திருக்கு. அதைத்தான் புள்ளி காட்டுச்சு. பாதிரியார்கிட்டயும் சொன்னேன்.

— அவர் என்ன சொன்னார்?

— சூப் நல்லா இருக்குன்னார்.

— அம்மா, இந்த வீட்ல நெட் பெட்டி ஒண்ணு இருந்ததா?

— இருந்தது. பக்கத்து வீட்டுக்காரங்க நெட்டைத் திருடுறாங்கன்னு மாய்ராதான் அதுக்குப் பேர் வெச்சா, 'புச்சி கடிக்கும்'னு. புச்சி எங்க நாய். அதுக்குப் பல்லே கிடையாது.

— அந்தப் பெட்டி இப்ப எங்க?

— ஆத்துல.

— ஆத்துலயா?

— அந்தச் சரிவுல போய்க் குடியிருக்காதே, மண்ணு நிக்காதுன்னு சொன்னேன். ஃபிரெடியைக் குறை சொல்றியான்னு சண்டை போட்டுட்டுப் போயிட்டா. எனக்கு மனசு கேக்கல. போர்வை, சட்டி, அந்தப் பெட்டின்னு மூட்டை கட்டி பக்கத்து வீட்டுக்காரிகிட்ட கொடுத்தனுப்பினேன். 'எல்லாத்தையும் ஆத்துல போட்டாச்சுன்னு எங்கம்மாகிட்ட சொல்லு'ன்னு சொல்லி அனுப்பினா. கடைசியா அவ எனக்குச் சொன்னது அதுதான். அதுக்கப்புறம் அந்தப் புள்ளிதான். இப்பப் புரியுதா, எனக்கு அது என்னன்னு?

— புரியுதும்மா. நான் கிளம்பறேன்.

— என்ன ஓடுறே? கேள்வி கேக்க வந்தவன் எதையோ முழுங்குறியே.

— நான் சொல்றது சரியா வருமான்னு எனக்கே...

— வில்சன். என் மேசை மேல என் மக படம் இருக்கு. அது முன்னாடி முழுங்காதே.

— ஆழமான பள்ளத்துல, வீட்டுக்குள்ள இருக்கற போனுக்குச் சாட்டிலைட் சிக்னல் சரியாக் கிடைக்காதும்மா. அது பக்கத்துல இருக்கற நெட் பெட்டியைக் கேட்டுத்தான் இடம் சொல்லும். இந்தப் பெட்டி இந்த வீட்டுதுன்னு எப்பவோ ஒரு தடவை பதிஞ்சு வெச்சிருப்பாங்க. யாராவது பெட்டியைத் தூக்கிட்டு வேற வீட்டுக்குப் போனா அதுக்குத் தெரியாது. பழைய வீட்டையே சொல்லிட்டிருக்கும்.

— யாரும் சரிபார்க்க மாட்டாங்களா?

— அன்னைக்குப் பார்க்கல. ஆத்தங்கரை டவர் ஆத்தங்கரைன்னுதான் சொல்லுச்சு. பெட்டி சொன்னா தப்பாதுன்னு எங்க ஆப் டவர் சொன்னதை ஒதுக்கிடுச்சு. இப்ப மாத்திட்டு வர்றோம். ஒரே பெட்டியை நம்பாம டவரையும் அக்கம்பக்கத்துப் பெட்டிகளையும் கேக்கணும், ஒத்துவராததைத் தள்ளணும்னு.

— அப்ப என் மக இங்க வரல.

— ஆத்மா பத்தி எனக்குத் தெரியாதும்மா. போன் வரல.

— நான் மத்த வீட்டைத் தோண்டுங்கன்னு சொன்னப்ப அவ...

— அது யாருக்கும் தெரியாது. சத்தியமாத் தெரியாது. புள்ளி பொய் சொல்லுச்சு, நீங்க நம்பினீங்க. உங்க இடத்துல எங்கம்மா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பா.

— என் வாயால. என் வாயாலயே சொன்னேனே தம்பி.

— அம்மா, இந்தத் தண்ணியைக் குடிங்க.

— வேணாம். நீ போ. ரொட்டி எடுத்துக்க, வெறுங்கையோட போகக் கூடாது.

— சரிம்மா. மன்னிச்சுக்கங்க.

— இரு. அவ போன் எந்தப் பெட்டியைக் கேட்டுச்சு? அதுக்குப் பேர் உண்டா?

— உண்டு. 'புச்சி கடிக்கும்'.

— ஆத்துல கிடக்கற பெட்டி பேசுமா?

— பேசாதும்மா. கரண்ட்ல சொருகியிருக்கணும். வீட்டுக்குள்ள.

— பேரைக்கூட மாத்தலையா?

— மாத்தல.

— அவ ஏறி வர்றதுக்கு வெச்ச அந்தக் குதிரை ரொட்டியை எடு. ஏணியையும் எடு, உடைச்சிடாதே. அவ ஊன்றி வர்றதுக்கு வெச்ச கரும்பை நான் எடுத்துக்கறேன். பன்னெண்டுக்குள்ள ஆத்தங்கரைக்குப் போயிடணும்.

— அங்க வீடே இல்லையேம்மா. வெறும் மண்ணுதானே கிடக்கு.

— மண்ணு மேல துணி விரிச்சா மேசைதான். நட தம்பி, சீக்கிரம். என் மக எதையும் ஆத்துல போடல.