நீவெஸ் ஸாம்பெல்லியும் நான் சொல்லாமல் விட்ட நான்கு ஆண்டுகளும்

மேடையில் வீற்றிருக்கும் இசைச் சங்கத் தலைவர் அவர்களே, மகளைப் பறிகொடுத்த திருமதி டீனா அவர்களே, பார்மா நகரத்து இசை அன்பர்களே!

பாடகி நீவெஸ் ஸாம்பெல்லிக்குப் பதினைந்து ஆண்டுகள் பியானோ வாசித்த எர்மெஸ் நான். முப்பத்தாறு வயதில் போய்விட்டாள். இதுவா போகும் வயது? என்னால் நிம்மதியாக நிற்க முடியவில்லை.

டைல்ஸ் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து, நகக்கண்ணில் களிமண்ணோடு பாட்டுப் பாடம் படிக்க வருவாள். ஆசிரியை ஃபோஸ்கா அம்மையார், "உன்னோடது நடுக்குரல்மா. மேல போனா கிழிஞ்சிடும்" என்பார்.

"கீழ பாடினாத்தான் டீச்சர் கிழியுது!" என்பாள் இவள்.

பாடம் முடிந்து படியிறங்கும்போதோ, உச்சஸ்தாயியில் அநாயாசமாக முணுமுணுப்பாள். அது பெண் குரல்களிலேயே மிக உயர்ந்த சோப்ரானோ குரல்! என் காதுக்குத் தெரிந்தது. சொன்னேனா? சொல்லவில்லை! அம்மையார் வீட்டில் பாடங்களுக்கு வாசிப்பதுதான் என் பிழைப்பு. நான்கு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை.

ஐந்தாம் ஆண்டு அவள் தொண்டை வீங்கியது. மூன்று மாதம் பேசவே கூடாதென்றார் மருத்துவர். அப்போதுதான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். "எத்தனை வருஷமா தெரியும்?" என்று தாளில் எழுதிக் காட்டினாள். "நாலு" என்றேன். இசைப் புத்தகத்தை என் முகத்தில் வீசிவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் திரும்பி வந்து எழுதினாள்: "சோப்ரானோ பாட்டு எடுங்க. பேச்சு வரட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு."

நான் வாசிக்க, அவள் உதடு மட்டும் அசைய, ஒரு முழு இசை நாடகத்தையும் சத்தமின்றிப் படித்தாள்! குரல் திரும்பியதும் முதல் வேலையாக என்னைத் திட்டினாள். அரை மணி நேரம்!

அடுத்த ஆண்டு, மலையடியிலுள்ள ஒரு சிறிய அரங்கில் நாயகி நோயில் விழ, மூன்று மணி நேர அவகாசத்தில் இவளை அழைத்தார்கள். முதல் அங்கத்தில் உச்ச சுரம் உடைந்தது. மேல்மாடத்தில் கேலி விசில். "வீட்டுக்குப் போம்மா!" என்று ஒருவர் கத்தினார்.

"போறேன்யா! இதை முடிச்சிட்டுப் போறேன்!" என்றாள் நிமிர்ந்து. அரங்கமே சிரித்தது. இசைக்குழு நடத்துநரைப் பார்த்துத் தலையசைத்து மீண்டும் பாடினாள். சுரம் உடையாமல் நின்றது, நண்பர்களே, நின்றது! அடுத்த நாடகப் பருவத்துக்கு மூன்று வேடங்கள் தந்தார்கள். அவளோ ஒப்பனை அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்து, "பாதிதான் சரி, பாதிதான் சரி" என்று புலம்பினாள்.

குரல் கெட்டுப்போனதென்று பிறர் கைவிட்ட ஏழு பேருக்கு அவள் வகுப்பு எடுத்துவந்தாள். அந்த ஏழு பேரும் இதோ பின்வரிசையில் இருக்கிறார்கள். இந்த அவையறிய உறுதி சொல்கிறேன்: அவர்களுக்கு இனி யார் பாடம் எடுத்தாலும் நான் வாசிப்பேன். என் காது கேட்பதை அந்த நொடியே சொல்வேன், வேலை போனாலும் சரி.

பிள்ளைகளே, செவ்வாய்க்கிழமை வழக்கம்போல் வகுப்பு உண்டு. யாரும் வராமல் இருந்துவிடாதீர்கள்.