தனப்பிரியாவின் தராசை மட்டும் ஏன் சந்தேகித்தீர்கள்?

அவைக்குத் தலைமை தாங்கும் ஐயா நவநீதகிருஷ்ணன் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளின் வியர்வைச் சட்டைகளைத் துவைத்துத் துவைத்தே தோள் வலுத்த தாய்மார்களே, இரும்பைத் தூக்கி இளமையை நிமிர்த்தும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் அனைவருக்கும் இந்த மதுமதியின் பணிவான வணக்கம்.

பரிசளிப்பு விழாவில் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நெஞ்சில் நெருப்பை வைத்துக்கொண்டு நாவில் தேன் தடவிப் பேச எனக்கு வராது. பொறுத்தருளுங்கள்.

ஏன் நடத்தினோம் இந்தப் பளுதூக்கும் போட்டியை? மேடைக்கு வர முடியாதவர்களுக்கும் ஒரு மேடை வேண்டும் என்பதற்காக. இரவுப் பணி பார்க்கும் செவிலியரும், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்காரரும், கோழிப்பண்ணையை ஒருநாளும் விட்டு நகர முடியாதவரும் நாமக்கல்லுக்கு வண்டியேறி வர முடியுமா? ஆகவே, இருக்கும் இடத்திலேயே தூக்குங்கள், கைபேசியில் படமெடுத்து அனுப்புங்கள் என்றோம். எடைத்தட்டுகளை முதலில் தராசில் ஏற்றிக் காட்ட வேண்டும். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே காட்சியாக எடுக்க வேண்டும். அவ்வளவுதான் விதி.

அனுப்பினார் தனப்பிரியா. பனமரத்துப்பட்டிக்காரர். ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தைப்பவர். மாட்டுக்கொட்டகையின் ஓர் ஓரம்தான் அவருடைய பயிற்சிக்கூடம். கணவர் தமிழரசு படம்பிடிக்க, நூற்றிருபது கிலோவைத் தரையிலிருந்து இடுப்பளவுக்குத் தூக்கி நிமிர்ந்து நின்றார். பார்த்த எனக்கு மெய் சிலிர்த்தது.

என்னோடு நடுவர் குழுவில் இருந்த சின்னராஜும் பார்த்தார். பெரிய உடற்பயிற்சிக்கூடம் நடத்துபவர். என்ன சொன்னார் தெரியுமா?

"ஏனுங்க, ஒரு பொம்பளப் புள்ள மாட்டுக்கொட்டாயில நின்னுக்கிட்டு இத்தனை தூக்குமுங்களா? தட்டெல்லாம் டம்மியா இருக்குமுங்க. பேரை எடுத்துருங்க."

"தராசுல வெச்சுக் காட்டியிருக்காங்களே, பாக்கலீங்களா?" என்றேன்.

"அந்தத் தராசே பொய்யா இருக்குமுங்க."

சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்கள் அனுப்பிய காட்சிகளில் எவருடைய தராசைச் சந்தேகித்தார்? எவருடைய கூரையைப் பார்த்தார்? எவருடைய இரும்பைத் தட்டிப் பார்க்கச் சொன்னார்?

தனப்பிரியாவைக் கைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். அழுவாரோ என்று அஞ்சினேன். அவரோ சொன்னார்: "மறுக்கா தூக்கறனுங்க அக்கா. நேர்லயே பாக்கட்டும். ஆனா நான் மட்டும் எதுக்குங்க? எல்லாரும் தூக்கட்டும்."

எல்லாரும். அந்த ஒற்றைச் சொல்லோடு குழுவின் முன் நின்றேன். மறுசோதனை என்றால் அனைவருக்கும், நேரலையில், நடுவர்களின் கண்ணெதிரே. இல்லையென்றால் எவருக்கும் இல்லை. சின்னராஜும் ஒப்புக்கொண்டார்.

முதலில் தனப்பிரியா. தட்டுகளைத் தராசில் வைத்தார், எடை சரி. கம்பியைப் பிடித்தார், தூக்கினார், முழங்காலுக்கு மேலே போகவில்லை, நழுவி விழுந்தது. "நாஞ் சொன்னனுங்களா?" என்று சின்னராஜின் குரல். தனப்பிரியாவோ பதறவில்லை. "கை வேர்த்துப் போச்சுங்க" என்றார். துண்டில் துடைத்தார். மீண்டும் குனிந்தார். தூக்கினார். நிமிர்ந்தார். நின்றார். நடுவர் போதும் என்ற பிறகுதான் இறக்கினார்.

அடுத்து ஆண்கள். பலர் மகிழ்ச்சியாகத் தூக்கிக் காட்டினார்கள். அவர்களுக்கு என் வணக்கம். சிலருடைய கைபேசிகள் திடீரென்று அணைந்துபோயின. சின்னராஜின் சொந்த மாணவர் தட்டுகளைத் தராசில் வைத்தபோது, சொன்ன எடையில் பாதிகூட இல்லை.

பின்வரிசையில் யாரோ பெயர் கேட்கிறார். சொல்ல மாட்டேன் தம்பி. எவரையும் அவமானப்படுத்த நான் இங்கே வரவில்லை. ஆனால் ஒன்று கேட்பேன்: கூரையைப் பார்த்துத் திறமையை அளப்பீர்களா? சேலையைப் பார்த்து வலிமையை அளப்பீர்களா? உங்கள் கூடத்தில் இருந்தால் இரும்பு, எங்கள் கொட்டகையில் இருந்தால் தகரமா?

அன்றே நடுவர் பொறுப்பிலிருந்து விலகினார் சின்னராஜ். என்னிடம் வருத்தமும் தெரிவித்தார். இதோ, மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். வந்தமைக்கு நன்றி அண்ணா. ஆனால் அந்த வருத்தத்தை நீங்கள் தெரிவிக்க வேண்டியது என்னிடம் அல்ல.

பெண்கள் பிரிவின் வெற்றியாளரும், அடுத்த ஆண்டு அந்த நடுவர் நாற்காலியில் அமரப் போகிறவருமான தனப்பிரியா அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.

சற்றுப் பொறுங்கள். சின்னராஜ் அண்ணா எழுந்து நிற்கிறார். கைதட்டலை நிறுத்துங்கள். தம்பி, அந்த ஒலிவாங்கியை அவரிடம் கொடு. அவர் பேசட்டும், தனப்பிரியா கேட்கட்டும்.

செவிமடுத்த உங்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.